வென்ட்னர் ரேடார் நிலையம் – 1940ஆம் ஆண்டு

வென்ட்னர் ரேடார் நிலையம் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியுள்ள வைட் தீவில், செயின்ட் போனிஃபேஸ் குன்றின் மேல் அமைந்திருந்த பிரிட்டிஷ் வான்படை நிலையம். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டன் தன் கிழக்கு, தென் கரைகளில் நிறுவியிருந்த ‘செயின் ஹோம்’ எனும் ரேடார் சங்கிலியின் ஒரு கண்ணி இது. 1940 ஆகஸ்டில் ஜெர்மன் வான்படை இதை இருமுறை தாக்கியது. அன்று நொறுக்கப்பட்டுப் பல நாட்கள் செயலிழந்த ரேடார் நிலையங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

பின்னணி

1935 பிப்ரவரி 26 அன்று டாவன்ட்ரி அருகே ராபர்ட் வாட்சன் வாட், ஆர்னால்ட் வில்கின்ஸ் ஆகியோர் ஒரு சோதனை செய்தனர். பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு, பறந்துசென்ற ஹேஃபோர்ட் குண்டுவீச்சு விமானத்தின் மேல் பட்டுத் திரும்புவதைக் கருவியில் கண்டனர். நான்கே ஆண்டுகளில் இது கரையோரச் சங்கிலியாக வளர்ந்தது. 1939ஆம் ஆண்டின் புனித வெள்ளி முதல் நிலையங்கள் இரவும் பகலும் இடைவிடாமல் இயங்கின. ‘ரேடார்’ என்ற சொல் அப்போது பிரிட்டனில் வழக்கில் இல்லை. ஆர்.டி.எஃப். என்பதே உள்வட்டப் பெயர். வெளியாருக்கு இவை ‘வான் அமைச்சகப் பரிசோதனை நிலையங்கள்’.

மறைவான பெயர் வைத்தாலும் கோபுரங்களை மறைக்க வழியில்லை. அலை அனுப்பும் எஃகுக் கோபுரங்கள் சுமார் 110 மீட்டர் உயரம். அலை வாங்கும் மரக் கோபுரங்கள் சுமார் 73 மீட்டர். கடலில் செல்லும் மீனவருக்கும் இவை தெரியும். ஜெர்மானியருக்கும் தெரிந்தது. 1939 மே, ஆகஸ்ட் மாதங்களில் கிராஃப் செப்பலின் வான்கப்பல் கரையோரம் பறந்து இந்த அலைகளைத் தேடியும், அவை இன்னவை எனக் கண்டுகொள்ளவில்லை.

பணி முறை

செயின் ஹோம் ரேடார், இன்று நாம் திரைப்படங்களில் காணும் சுழலும் ரேடார் அன்று. அதன் வானலைக் கம்பிகள் சுழலாது. வெள்ள விளக்கு போல முன்னுள்ள வானம் முழுவதன் மீதும் 10 முதல் 15 மீட்டர் வரையிலான அலைநீளத்தில் விநாடிக்கு 25 துடிப்புகளை அனுப்பும். திரையில் வரைபடம் எதுவும் தோன்றாது. கிடைக்கோடு ஒன்று மட்டுமே ஒளிரும். எதிரொலி வந்தால் அக்கோட்டில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடம் தொலைவைக் காட்டும். திசை அறிய, இயக்குநர் ஒரு குமிழைத் திருப்பிக்கொண்டே வந்து, பள்ளம் மறையும் கோணத்தைப் படிக்க வேண்டும். விமானம் முன்னால் உள்ளதா பின்னால் உள்ளதா என்று பார்க்கத் தனிப் பொத்தான். எத்தனை விமானங்கள் என்பதைப் பள்ளம் துடிக்கும் விதத்தைக் கொண்டு மதிப்பிடுவார்கள். இதற்கு எந்த அளவுகோலும் இல்லை, அனுபவம் மட்டுமே.

மிக பலவீனமான கணக்கு உயரம்தான். வெவ்வேறு உயரங்களில் உள்ள இரு வானலைக் கம்பிகளின் வலிமையை ஒப்பிட்டு அதைக் கண்டார்கள். பிழைகள் நேர்ந்தன. எதிரி தமக்கு மேலே இருந்துவிடக் கூடாது என்று அஞ்சிய போர்விமானக் குழுக்கள், சொல்லப்பட்ட உயரத்தோடு இன்னும் சில ஆயிரம் அடி சேர்த்துக்கொண்டன. பிழையின் மேல் பிழை ஏறியது.

கண்ட விவரம் தொலைபேசி வழியே ஸ்டான்மோரில் உள்ள பென்ட்லி பிரையரியின் ‘வடிகட்டும் அறை’க்குப் போகும். பல நிலையங்கள் ஒரே கூட்டத்தைப் பற்றிச் சொன்னவற்றை அங்கே ஒப்பிட்டு, ஒரே தடமாக்கி, கீழுள்ள கட்டுப்பாட்டு அறைகளுக்கு அனுப்புவார்கள். ஃபைட்டர் கமாண்ட் தலைவர் ஹியூ டௌடிங் அமைத்த இந்த ஏற்பாட்டைக் கருவியை விடப் பெரிய கண்டுபிடிப்பு எனலாம். ஜெர்மனியிடமும் நல்ல ரேடார் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று வைட் தீவருகே கடுமையாகத் தாக்கப்பட்ட கப்பல் அணி முந்தைய இரவில் டோவர் நீரிணையைக் கடந்ததை அவர்களது ஃப்ரெயா ரேடாரே கண்டுபிடித்தது. ஆனால் கண்டதை நொடியில் போர்விமானிக்குச் சேர்க்கும் கம்பி வலை அன்று அவர்களிடம் இல்லை.

குன்றின் மேல் வாழ்க்கை

1940 ஜனவரி பிரிட்டன் 45 ஆண்டுகளில் காணாத கடுங்குளிர் மாதம். கடற்காற்று வீசும் குன்றுச்சியில் மரக் குடில்களில் பணி. ஆட்கள் முறை வைத்து, மங்கலான அறையில் பச்சை ஒளிக்கோட்டைப் பார்த்தபடி இருந்தனர். பல மணி நேரம் எதுவும் வராது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. என்ன வேலை என்று வீட்டுக்கு எழுதக் கூடாது.

ரேடார் திரைகளின் முன் அமர்ந்தவர்களில் பலர் மகளிர் துணை வான்படையின் இளம்பெண்கள். குண்டு விழுந்தால் பெண்கள் இருக்கையில் நிற்பார்களா என்ற ஐயம் அதிகாரிகளுக்கு இருந்தது. ஆகஸ்ட் அதற்கு விடை சொன்னது.

ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் வென்ட்னரின் நிலை மாறியது. நேர் தெற்கே சுமார் 110 கி.மீ. தொலைவில் ஷெர்பூர்க் இப்போது எதிரியின் கையில். அங்கே விமானங்கள் ஒன்றுகூடுவதையே வென்ட்னர் திரையில் காண முடிந்தது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வந்தால் தீவை அடைய 22 நிமிடம். தரையிலுள்ள ஸ்பிட்ஃபயர் அணி ஒன்று எழும்பி 20,000 அடி ஏறக் கால் மணி நேரம் வரை வேண்டும். மிஞ்சும் அந்த ஏழெட்டு நிமிடத்தைத்தான் குன்றின் மேலிருந்தவர்கள் நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 12

ஜெர்மன் வான்படையின் தகவல்தொடர்புத் தலைவர் வொல்ஃப்காங் மார்ட்டினி, இந்தக் கோபுரங்களை முதலில் அழிக்க வேண்டும் என்றார். ஆகஸ்ட் 12 காலை, வால்டர் ரூபன்ஸ்டோர்ஃபர் தலைமையிலான 210ஆம் சோதனைப் பிரிவு டோவர், ரை, பெவன்ஸி மற்றும் கென்ட்டிலுள்ள டன்கர்க் நிலையங்களைத் தாக்கியது. ரையில் இருந்தவர்கள் தம்மை நோக்கி வந்த விமானங்களையே திரையில் பார்த்துக் குறித்துச் சொன்னார்கள். குடில்கள் சிதறின, மின்கம்பி அறுந்தது. ஆயினும் சில மணி நேரத்தில் இந்நிலையங்கள் மீண்டும் இயங்கின.

நண்பகலில் போர்ட்ஸ்மவுத்தைத் தாக்க வந்த பெருங்கூட்டத்திலிருந்து சுமார் 15 யுங்கர்ஸ் 88 விமானங்கள் பிரிந்து வென்ட்னர் மேல் பாய்ந்தன. கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. குன்றின் மேல் போதிய தண்ணீர் இல்லாததால் தீயை அடக்க முடியவில்லை. கோபுரங்கள் நின்றன: சட்டகக் கோபுரத்தின் கம்பிகளுக்கிடையே வெடியதிர்வு புகுந்து வெளியேறிவிடும். ஆனால் வெறும் கோபுரத்தால் பயனில்லை. நிலையம் முழுமையாக மீள்வதற்குள், ஆகஸ்ட் 16 அன்று ஸ்டூக்கா விமானங்கள் மறுபடி தாக்கின. ஆகஸ்ட் 23 அன்று தீவின் கிழக்கே பெம்பிரிட்ஜில் நடமாடும் நிலையம் ஒன்று இடைவெளியை நிரப்பியது.

இடைப்பட்ட நாட்களில் பிரிட்டன் ஒரு தந்திரம் செய்தது. எதிரொலியை வாங்கக் கருவி இல்லாதபோதும் அலைத் துடிப்புகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கரையில் கேட்டவர்களுக்கு வென்ட்னர் பிழைத்துக்கொண்டது என்றே தோன்றியது. ஆகஸ்ட் 15 அன்று நடந்த கூட்டத்தில் கோரிங், ரேடார் நிலையங்களைத் தாக்குவதால் பயனுண்டா என்று ஐயம் தெரிவித்தார். தாக்கியவற்றுள் ஒன்றுகூட முடங்கவில்லை என்பது அவர் காரணம். அப்போது வென்ட்னர் மூன்று நாட்களுக்கு முன் பட்ட அடியிலிருந்து மீண்டிருக்கவில்லை. எல்லா நிலையங்களையும் ஒரு வாரம் தொடர்ந்து தாக்கியிருந்தால் பிரிட்டனின் தென்கரை குருடாகியிருக்கக் கூடும். அந்த முயற்சியைக் கைவிட்டது ஜெர்மன் தலைமையின் பெரும்பிழைகளில் ஒன்று என்றே கொள்ள வேண்டும்.

போலிங்

ஆகஸ்ட் 18 அன்று கிழக்கே சசெக்ஸில் உள்ள போலிங் நிலையத்தின் மேல் ஸ்டூக்காக்கள் ஏறத்தாழ 90 குண்டுகளை வீசின. அங்கே தொலைபேசியில் இருந்தவர் கார்ப்பரல் அவிஸ் ஹெர்ன் என்ற பெண். ட்ரூலி ஹில் நிலையம் சொன்ன விவரங்களை ஸ்டான்மோருக்குக் கடத்துவது அவர் வேலை. குண்டுகள் சுற்றிலும் விழுந்தபோதும் அவர் இடத்தைவிட்டு எழவில்லை. பின்னர் அவருக்கு இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. போலிங் அந்த மாதம் முழுதும் எழவில்லை. ஆனால் தாக்க வந்த ஸ்டூக்கா படைப்பிரிவும் அன்று பேரிழப்புக்கு உள்ளாகி, அவ்வகை விமானம் அப்போரிலிருந்து பின்வாங்கப்பட்டது.

இரவுகள்

செப்டம்பரில் எதிரி லண்டனுக்குத் திரும்பினான். சிறிது சிறிதாகப் பகலை விட்டு இரவுக்கு மாறினான். கடலை நோக்கி அமைந்த செயின் ஹோம், விமானம் கரையைக் கடந்து உள்ளே போனபின் எதையும் காணாது. உள்நாட்டில் கண்காணிப்புப் படையின் கண்ணும் காதும்தான் துணை. இருளில் கண்ணும் இல்லை. இரவுப் போர்விமானத்தை எதிரியின் பின்னால் கொண்டுபோய் விடும் சுழல் ரேடார் நிலையங்கள் 1941இல்தான் பயன்தரத் தொடங்கின.

நவம்பர் 30, டிசம்பர் 1 இரவுகளில் சவுத்தாம்ப்டன் நகரம் எரிந்தது. அது செயின்ட் போனிஃபேஸ் குன்றிலிருந்து வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவுதான். கடல் மேல் வரும் விமானங்களின் தொலைவும் திசையும் தென்கரை நிலையங்களிலிருந்து வழக்கம்போல் ஸ்டான்மோருக்குச் சென்றன.