உதிரும் மாவின் வரலாறு

ஆங்கிலேயர் இல்லங்களில் உணவுக்குப் பின் பரிமாறப்படும் இனிப்புகளுள் மிக எளியது 'கிரம்பிள்'. நறுக்கிய ஆப்பிளைச் சர்க்கரை சேர்த்துத் தட்டில் பரப்பி, மாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் விரல்நுனியால் பிசிறி மேலே தூவி, பொன்னிறமாகும்வரை ஓவனில் வைக்கிறார்கள். புட்டுக்கு மாவு பிசிறிப் பழகிய கைகளுக்கு இது புதிய வித்தையன்று. உதிர்தல் என்பதே அப்பெயரின் பொருள்.

நூற்றாண்டுகள் பழமையானதென்று எண்ணத் தோன்றும். ஆயின் பழைய ஆங்கிலச் சமையல் நூல்களில் இது இல்லை. மாவுத்தகடு போர்த்திய 'பை' இடைக்காலத்திலிருந்தே இருக்கிறது. கிரம்பிளோ இருபதாம் நூற்றாண்டின் பிள்ளை. அது பிரிட்டனில் பரவலானது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில்.

உணவில் பெரும்பகுதியைக் கப்பல்வழி இறக்குமதி செய்த நாடு அது. கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாட, 1940 ஜனவரி 8 அன்று வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. அளவுகள் அவ்வப்போது மாறினாலும், ஒருவருக்கு வாரத்திற்கு ஏறத்தாழ 57 கிராம் வெண்ணெய், 227 கிராம் சர்க்கரை என்பதே பொதுக்கணக்கு. 1942இல் வெள்ளை மாவும் போய், தவிடு கலந்த மாவு வந்தது.

பைக்குரிய மாவு கிழியாமல் விரிய வேண்டும். சுட்டபின் கடினமாகாதிருக்கக் கொழுப்பும் தாராளமாக வேண்டும். கிரம்பிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உதிர்வதே அதன் இயல்பாதலால் கொழுப்பைக் குறைக்கலாம். வெண்ணெய்க்கு மாற்றாக மார்ஜரின் சேர்க்கலாம். ஓட்ஸோ ரொட்டித்தூளோ கலந்து பெருக்கலாம். குறையே இலக்கணமாகிவிட்ட பலகாரம் இது.

போரே இதைக் கண்டுபிடித்தது என்று சொல்வது மட்டும் மிகை. இதன் உடன்பிறப்பான 'ஆப்பிள் கிரிஸ்ப்' 1920களிலேயே அமெரிக்காவில் அச்சேறிவிட்டது. போர் செய்தது, ஏற்கெனவே இருந்ததை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததே. 1954 ஜூலை 4 அன்று பங்கீடு முற்றாக முடிந்த பின்னரும், வெண்ணெய் தாராளமாகக் கிடைத்த பின்னரும், அது வீடுகளை விட்டு அகலவில்லை.

இவ்வரலாற்றைச் சிக்கனத்தின் வெற்றியாகவும் இல்லத்தரசிகளின் சாமர்த்தியமாகவும் சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்தச் சாமர்த்தியத்துக்கு அடியில் ஓர் உறுதி இருந்தது: 57 கிராமேயாயினும் அது வாரந்தோறும் வந்துசேரும், செல்வருக்கும் ஏழைக்கும் பங்கீட்டு அளவு ஒன்றே.

அதே பேரரசின் ஆளுகையில், அதே போரின் நடுவே, 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. கல்கத்தா நகரில் பங்கீடு தொடங்கியதே 1944இன் தொடக்கத்தில்தான். வங்கத்துப் பெண்களுக்குச் சாமர்த்தியம் குறைவென்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? இருப்பதைக் கொண்டு சமைப்பதற்கும் ஏதேனும் இருந்தாக வேண்டும்.

எளிய உணவுகளைப் புகழ்ந்து எழுதும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. குறைவாக இருந்த இடத்தில் ஒரு பலகாரம் பிறந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அடுப்பு அணைந்தது.