உயரத்துக்கு அஞ்சியவர்களும் சர்க்கஸ் பள்ளிகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரப்பிள்ளைகளின் வற்புறுத்தலால் சர்க்கஸ் வித்தைகள் பழக்கும் வகுப்பொன்றுக்குச் சென்றேன். பத்திரிகைக் காரியாலயத்தின் மூன்றாம் மாடியில் நின்று வீதியைப் பார்த்தாலே தலை சுற்றும் பேர்வழி நான். ஏணியின் ஏழாவது படியுடன் கால்கள் மேலே நகர மறுத்துவிட்டன. பயிற்சியாளர் கோபிக்கவில்லை. என்னை இறக்கி, தாழக் கட்டியிருந்த வலையில் முதுகு படும்படி விழுவது எப்படி என்று சொல்லித்தந்தார். காலை ஊன்றி விழுந்தால் கணுக்கால் பிசகும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். ஏறுவதற்கு முன்னர் விழப் பழகவேண்டும் என்ற இந்த முறை எங்கிருந்து வந்தது என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

பிலிப் அஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் 1768 இல் லண்டனில் வட்ட அரங்கமைத்துக் குதிரைச் சாகசம் காட்டியதிலிருந்தே இன்றைய சர்க்கஸின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பின் நெடுங்காலம் அது குடும்பச் சொத்தாகவே இருந்தது. தந்தை மகனுக்குப் பழக்கினார். நடக்கத் தொடங்கும்போதே கயிறும் ஊஞ்சலும் பழகிய பிள்ளைக்கு உயரம் வீட்டு முற்றத்தைப் போன்றது. அச்சத்தை நீக்கப் பாடம் எதற்கு? வெளியிலிருந்து வருபவனுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

அந்தர ஊஞ்சலைக் கண்டுபிடித்தவரும் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்தவரல்லர். பிரான்சின் துலூஸ் நகரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியவரின் மகனான ஜூல் லியோத்தார், தந்தையின் நீச்சல் தடாகத்துக்கு மேலே ஊஞ்சல்களைத் தொங்கவிட்டுப் பழகினார். கை தவறினால் தண்ணீர். 1859 நவம்பர் 12 ஆம் திகதி பாரிஸில் ஓர் ஊஞ்சலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி ஊரையே வியக்க வைத்தபோது, அவருக்குக் கீழே மெத்தைகள் மட்டுமே விரிக்கப்பட்டிருந்தன. நடன மங்கையரும் உடற்பயிற்சியாளரும் அணியும் இறுக்கமான உடைக்கு இன்றும் அவருடைய பெயர்தான்.

தடாகத்தை அரங்குக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அதன் இடத்தை வலை பிடித்தது. 1877 இல் லண்டனில் 'சாசெல்' என்ற மேடைப் பெயர் கொண்ட 14 வயதுச் சிறுமியைப் பீரங்கிக் குழாயிலிருந்து பாய்ச்சி வலையில் விழச் செய்தார்கள். கூட்டம் அலைமோதியது. பின்னர் 1891 இல் அமெரிக்காவில் கம்பியில் நடக்கையில் விழுந்து அவருக்கு முதுகெலும்பு முறிந்தது.

சர்க்கஸ் பள்ளிகளின் வரலாற்றை மேலைநாட்டவர் பெரும்பாலும் 1927 இல் மொஸ்கோவில் திறக்கப்பட்ட அரச பள்ளியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு இதில் மனக்குறை உண்டு. கேரளத்தின் தலச்சேரியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குருந்த்வாட் அரசரின் குதிரைப் பயிற்றுநரான விஷ்ணுபந்த் சத்ரே, 1880 இல் பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். அவருடைய குழு தலச்சேரிக்கு வந்தபோது, அங்கே களரியும் உடற்பயிற்சியும் கற்பித்து வந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் பலனாகக் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் வித்தைகளையும் பழக்கலானார். 1901 இல் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் பள்ளியொன்றை அமைத்தார். மொஸ்கோவுக்கு 26 ஆண்டுகள் முன்னர்! கயிற்றில் நடனமாடி ஐரோப்பாவில் புகழ்பெற்ற கண்ணன் பொம்பாயோ தலச்சேரியின் வார்ப்பு. 1951 இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய எம்.வி. சங்கரனும் குஞ்ஞிக்கண்ணனிடம் பயின்றவரே. களரியில் உடலை வளைக்கவும் புரளவும் பழகியவனுக்கு விழுவது புதிதல்ல என்பதே தலச்சேரியின் வெற்றிக்கு அடிப்படை என்பது என் எண்ணம்.

அச்சத்தைச் சிறுகச் சிறுகப் பழக்கி நீக்கலாம் என்பதற்கு சர்க்கஸுக்கு வெளியேயும் நல்ல சான்றொன்று உண்டு. ஜேர்மன் மகாகவி கோத்தே, 1770 அளவில் ஸ்ராஸ்பேர்க்கில் மாணவராக இருந்தபோது உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர். பேராலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியே ஏறி, உள்ளே கால்மணி நேரம் அமர்ந்திருந்து, பின்னர் பிடிமானமற்ற சிறு மேடையில் வந்து நிற்பாராம். மனம் மரத்துப்போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்றைய உளவியலாளர் செய்விப்பதும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் கோத்தேயை எவரும் ஏறச் சொல்லவில்லை. மலபாரின் சர்க்கஸ் கூடாரங்களுக்குப் போன பிள்ளைகளில் பலர் வறிய குடும்பத்தவர். பசிக்கு முன்னால் உயரத்தின் அச்சம் சிறிதாகிவிடும். வித்தையை வியந்து எழுதும் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர் இந்தப் பக்கத்தை அதிகம் புரட்டவில்லை, நானும் புரட்டியதில்லை. சர்க்கஸ்களில் சிறுவர்களை ஈடுபடுத்துவதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 ஏப்ரலில்தான். சாசெல் பீரங்கிக்குள் இறக்கப்பட்டு 134 ஆண்டுகளின் பின்னர்.

அதே காலகட்டத்தில் மேற்கே வேறொரு மாற்றம் நடந்தது. 1974 இல் பாரிஸில் ஆனி பிராத்தெலினி போன்றோர் பள்ளிகளைத் திறந்து, சர்க்கஸ் குடும்பத்தில் பிறவாதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டனர். 1981 இல் மொன்றியலில் இன்னொன்று வந்தது. இன்று வங்கி ஊழியரும் ஆசிரியையும் மாலை வேளைகளில் ஊஞ்சலில் தொங்குகிறார்கள். அச்சப்படுவதற்காகப் பணம் கட்டுகிறார்கள் என்றும் சொல்லலாம்.

நானும் கட்டினேன். மூன்றாவது வகுப்பில் இடுப்புப் பட்டியைக் கட்டி, அதன் கயிறுகள் கப்பிகள் வழியாகப் பயிற்சியாளரின் கையிலிருப்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு ஏறினேன். மேடைக்கு நான்கு படிகள் இருக்கையில் போதும் என்றேன். "சரி, மெதுவாக இறங்குங்கள்" என்றார் அவர். மேடையில் நின்ற பேத்தி மட்டும் சிரித்தாள். இறங்கி வந்து, தாழக் கட்டிய வலையில் இன்னொரு முறை முதுகு பட விழுந்துவிட்டு வீடு திரும்பினேன்.