அவனும் அவரும்: தமிழ் மறைநூல் காட்டும் ஒரு வரலாறு

ஒரு சமயத்தின் மறைநூல் எந்த மொழியில், எத்தகைய சொற்களால் மக்களின் செவிக்கு எட்டுகிறதோ, அதைப் பொறுத்தே அம்மக்கள் கடவுளையும் அறிகின்றனர், தம்மையும் அறிகின்றனர். திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியருளிய தலம் என்று மரபு போற்றும் ஊர் நம்முடையது. மார்கழி விடியலில் அப்பாடல் ஒலிக்கும்போது, எழுத்தறியாதவர் உள்ளமும் உருகுகிறது. கருவறையில் வடமொழி மந்திரம் ஓதப்படும்போதோ, நம்மவர் கைகூப்பி நிற்கின்றனர், பொருள் அறியார்.

நம் சமூகத்தில் சிவனையும் திருமாலையும் வணங்குவோரும் உளர், கிறித்தவரும் உளர். கிறித்தவ மறைநூல் தமிழுக்கு வந்த வரலாற்றில், சமயம் எதுவாயினும் நம் இளைஞர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனை இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

என் இளமையில் நிகழ்ந்ததைக் கூறித் தொடங்குகிறேன். நான் நடுநிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், எங்கள் காலனியில் அடுத்த வீட்டில் கிறித்தவ மூதாட்டி ஒருவர் இருந்தார். அவரை நாங்கள் ஆயா என்றே அழைப்போம். அவருக்கு எழுத்துத் தெரியாது. மாலையில் சிம்னி விளக்கை ஏற்றி வைத்து, என்னை அழைத்து வேதப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வார். ஒருநாள், இயேசுவிடம் குட்டநோயாளி வந்து நலம் பெற்ற பகுதியைப் படித்தேன். அந்நோயாளியை ‘அவன்’ என்றே அந்நூல் குறிப்பிட்டது. அன்று பகலில்தான், களத்துமேட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என் தந்தையாரைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்று அழைத்ததைக் கண்டிருந்தேன். அந்த வலி நெஞ்சில் இருந்தது. “ஆயா, சாமி புத்தகத்திலேயும் இல்லாதவங்களை அவன் இவன்னுதான் எழுதுவாங்களா?” என்று கேட்டுவிட்டேன். ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ராஜாவையும் அவன்னுதானே போட்டிருக்கு? ஆண்டவர் ஒருத்தருதாண்டா அவரு. மத்தவங்க எல்லாரும் அவன்தான்” என்றார்.

எழுத்தறியாத ஆயா கூறிய விடையில் எத்துணைப் பெரிய வரலாறு அடங்கியுள்ளது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

தமிழில் கிறித்தவ நூல் அச்சேறிய வரலாறு மிகப் பழமையானது. 1554இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில், தமிழ்மொழி உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டது. 1578இல் கொல்லத்தில் என்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட ‘தம்பிரான்’ என்னும் சொல் சைவர்க்கும் பழக்கமானதே.

பின்னர், டென்மார்க்கு மன்னர் அனுப்பிய செருமானியரான சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. அவருக்குப் பின் பெப்ரீசியுசு, இரேனியுசு முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புக்குச் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலரே துணைநின்றார். ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவினர் திருத்தி முடித்த முழு வேதாகமம் 1871இல் வெளிவந்தது. ஆயாவின் வீட்டில் நான் படித்தது அந்நூலே. சீர்திருத்தச் சபையார் பெரும்பாலோரின் இல்லங்களில் இன்றளவும் இருப்பதும் அதுவே.

இம்மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுக்கப் பெரிதும் உழைத்தனர். கடவுளைச் சர்வேசுரன் என்பதா, பராபரன் என்பதா, தேவன் என்பதா என்று தலைமுறை தலைமுறையாக வாதிட்டனர். மறைநூலுக்கு ‘வேதாகமம்’ எனப் பெயர் அமைந்தது. வேதம், ஆகமம் என்னும் இரண்டுமே கோயில் சார்ந்த உலகிலிருந்து வந்த சொற்கள். இதன் விளைவு வியப்புக்குரியது. வேதத்தைக் காதால் கேட்கவும் உரிமையற்றவர் என்று ஒதுக்கப்பட்ட நம் மக்களில் கிறித்தவரானவர்களை, ஊரார் ‘வேதக்காரர்’ என்று அழைக்கலாயினர். அவர்தம் ஆலயம் ‘வேதக்கோயில்’ ஆயிற்று. ஆலயத்தினுள்ளும் கல்லறையிலும் சாதி தொடர்ந்து வந்தது என்பது உண்மையே. ஆயினும் மறுக்கப்பட்ட சொல் ஒன்று மறுக்கப்பட்டவரின் பெயராகவே மாறியது சிறு செய்தி அன்று.

இனி ‘அவன்’, ‘அவர்’ என்னும் சொற்களுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதிலும் அறிஞர் ஏட்டுக்குரிய பழைய கிரேக்கம் அன்று. கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் பொதுமக்கள் பேசிய கிரேக்கம். அம்மொழியில் பேரரசனுக்கும் அடிமைக்கும் படர்க்கைச் சொல் ஒன்றே. உயர்வு தாழ்வு காட்டும் விகுதிகள் அங்கு இல்லை. தமிழிலோ, ஒருவரைக் குறித்து ஒரு வாக்கியம் எழுத வேண்டுமாயின், வினைமுற்றை ‘வந்தான்’ என்று முடிப்பதா, ‘வந்தார்’ என்று முடிப்பதா என முடிவு செய்தே ஆக வேண்டும். ஆகவே மூலநூலில் இல்லாத ஒரு தீர்ப்பை, தமிழில் பெயர்ப்பவர் பக்கந்தோறும் வழங்க வேண்டியவராகிறார்.

1871ஆம் ஆண்டு நூலார் வழங்கிய தீர்ப்பு இது: கடவுளும் இயேசுவும் ‘அவர்’, மனிதர் ‘அவன்’, ‘அவள்’. ஏரோது அரசனும் அவன், பேதுருவும் அவன், குட்டநோயாளியும் அவன். இயேசுவின் தாயும் அவளே. ஆயா கண்ட சமத்துவம் இதுதான். பண்ணையாரும் பண்ணையாளும் கடவுள்முன் ஒரே விகுதியில் நிற்கின்றனர். ஊரில் கிடைக்காத சமநிலை அந்த எளிய மூதாட்டிக்கு அந்த நூலில் கிடைத்தது.

ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. பண்ணையாரை ‘அவன்’ என்பது நூலில் மட்டுமே நிகழ்ந்தது. பண்ணையாளை ‘அவன்’ என்பதோ நாள்தோறும் தெருவில் நிகழ்ந்தது. ஆகவே அச்சொல்லைக் கேட்ட அரசன் திடுக்கிட்டிருப்பான். கேட்ட ஏழையோ, வழக்கம்போலவே இருக்கிறது என்று எண்ணியிருப்பான்.

1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ வெளிவந்தது. இதற்கு வழிகோலியது 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கமாகும். அதன்பின்னரே, அதுகாறும் இலத்தீனில் நடந்த கத்தோலிக்கத் திருப்பலி, மக்கள் மொழிக்கு வந்தது. நண்பர் ஒருவர் இல்லத்தில் அந்நூலை முதன்முறை கண்டபோது, ஆயாவுக்குப் படித்த அதே பகுதியைத் தேடி எடுத்தேன். ‘குஷ்டரோகி’ அங்கு இல்லை, ‘தொழுநோயாளர்’ இருந்தார். அவர் ‘வந்தான்’ அல்லர், ‘வந்தார்’. மேலும் சில பக்கங்களைப் புரட்டினேன். கிணற்றடியில் இயேசுவோடு உரையாடும் சமாரியப் பெண், யூதர் தீண்டாது ஒதுக்கிய இனத்தவர். அவருக்கும் ‘அவர்’ என்னும் சொல்லே வழங்கப்பட்டிருந்தது. குழந்தைகளைக் கொல்லச் செய்த ஏரோது அரசன் மட்டும் ‘அவன்’ ஆகவே இருந்தான். மதிப்பு பிறப்பையும் பதவியையும் விட்டு நீங்கி, நடத்தையைச் சார்ந்து நின்றதைக் கண்டேன். ஆயா அன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அப்பகுதியை மீண்டும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டியிருப்பேன்.

பழைய நூலே இனியது என்று கூறும் பெரியோரை நான் குறை கூறேன். தாலாட்டைப் போல நெஞ்சில் பதிந்த நடை அது. அதனைக் கேட்டே பலர் எழுத்தறிவு பெற்றனர். செருமனியில் மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டை மக்கள் மொழியில் வெளியிட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. மறைநூலின் மொழி மாறும்போதெல்லாம், மாறுவது கடவுளே என்று மக்கள் அஞ்சுவது இயல்பு. உண்மையில் மாறுவது, கடவுள்முன் நாம் நிற்கும் நிலையைப் பற்றிய நம் அறிவே.

இளைஞர்களே! ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியர் கூறியுள்ளார். தமிழில் ஏற்றத்தாழ்வை ஏற்றியது இலக்கணம் அன்று, மனிதர் வழக்கமே. வழக்கத்தால் வந்தது வழக்கத்தால் மாறும். கல்வி பெற்ற நாம் அம்மாற்றத்தை நம் நாவிலிருந்தே தொடங்குவோம். நம் தந்தையரை ஒருமையில் அழைத்தவரின் மக்கள் இன்று நம்மைப் பன்மையில் அழைக்கின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் நம் தெருவைத் தூய்மை செய்பவரையும், நம் வீட்டுப் பெண்டிரையும், நம்மினும் எளியவரையும் நாம் எவ்வாறு அழைக்கிறோம்? என் பள்ளியில் மாணவர் அனைவரையும் ‘வாங்க’ என்றே அழைத்து வருகிறேன். தொடக்கத்தில் நகைத்த பிள்ளைகள் இன்று தமக்குள்ளும் அவ்வாறே பேசுகின்றனர்.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் நமக்கு எழுத்தைத் தந்தது. அவ்வெழுத்துகளுள் ‘ர்’ என்னும் ஓர் எழுத்தை எவருக்கும் மறுக்காதிருப்போம் என்று இந்நாளில் உறுதி கொள்வோமாக! சங்கம் பொன்விழாவும் கண்டு வாழ்க!