நான்கு வெற்றாசனங்கள்

தேர்தல் ஒன்று முடிந்தபின் மக்கள் மனத்தில் எழும் ஏமாற்றம் பல வகைப்படும். தாம் விரும்பியவர் தோற்றார் என்னும் ஏமாற்றம் ஒன்று. வென்றவர் சொன்னதைச் செய்திலர் என்னும் ஏமாற்றம் மற்றொன்று. இவ்விரண்டும் நமக்குப் பழகிப்போனவை. தேர்தலிற் கலவாது ஒதுங்கி நின்று, அதனால் அடைந்த பயன் யாது என்று பின்னர் தம்மைத் தாமே வினவிய ஏமாற்றம் ஒன்றும் யாழ்ப்பாணத்துச் சரித்திரத்தில் உண்டு. 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைக் குடாநாடு பகிஷ்கரித்த அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்லக் கருதுகின்றேன்.

1927 நவம்பர் மாதத்தில் இருவேறு வருகைகள் இலங்கையில் நிகழ்ந்தன. அரசியற் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் பிரபுவின் ஆணைக்குழு கொழும்பில் வந்திறங்கியது. அதே மாதத்தில் காந்தியடிகளும் வந்தார், யாழ்ப்பாணத்திற்கும் எழுந்தருளினார். அவரை இங்கு அழைத்தவர்கள் மாணவர் காங்கிரசார். 1924 இல் தோன்றிய அச்சங்கமே பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹன்டி பேரின்பநாயகம் என்னும் ஆசிரியர். சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டும், கல்வி தாய்மொழியில் நடத்தல் வேண்டும், நாடு முழுமைக்கும் சுயராச்சியம் வேண்டும் என்பன அவர்தம் கொள்கைகள். தமிழருக்கென்று தனிச் சலுகை எதனையும் அவர்கள் கேட்டிலர். சிங்களத் தலைவர்களையும் தம் மேடைக்கு அழைத்தனர். 1926 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க யாழ்ப்பாணத்துக்கு வந்து, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றது என்று பேசியதும் இவர்களின் ஆதரவிலேயாம். முப்பது ஆண்டுகளின் பின், 1956 இல், தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரும் அவரே. சரித்திரம் சில வேளைகளில் இப்படியும் நகைக்கின்றது.

டொனமூர் குழுவினர் இரண்டு பெரும் மாற்றங்களைச் சிபாரிசு செய்தனர். ஒன்று, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தல். மற்றது, சர்வசன வாக்குரிமை. அதுவரை குடிசனத்தில் நூற்றுக்கு நால்வர் அளவினர்க்கே வாக்குரிமை இருந்தது. இனி இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும், கற்றார்க்கும் கல்லார்க்கும், சாதி பேதமின்றி அவ்வுரிமை கிட்டுவதாயிற்று. சட்டநிரூபண சபையில் இத்திட்டம் 1929 டிசம்பரில் 19க்கு 17 என்னும் வாக்குகளால் அரும்பொட்டில் தப்பிப் பிழைத்தது. தமிழ்ப் பிரதிநிதிகள் பெரும்பாலும் எதிர்த்தனர். சேர். பொன்னம்பலம் இராமநாதனும் சர்வசன வாக்குரிமையைக் கண்டித்தவரே. அவர் 1930 நவம்பரில் காலமானார்.

வாலிபர் காங்கிரசார் எதிர்த்த காரணமோ வேறு. பூரண சுயராச்சியம் கேட்ட நாட்டுக்கு இந்த அரைகுறைத் திட்டம் ஒவ்வாது என்பதே அவர்கள் வாதம். 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்தியாயா கலந்துகொண்ட மகாநாட்டிலே பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறிற்று. மே 4 ஆம் திகதி நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள். அன்று யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஓர் அபேட்சகர் தாமும் முன்வந்திலர். ஐம்பது தொகுதிகள் கொண்ட இலங்கையில் இந்நான்கும் வெறுமையாயின. தென்னிலங்கையும் தம்மைப் பின்பற்றும் என்று இளைஞர்கள் நம்பினர். தென்னிலங்கை பின்பற்றவில்லை.

என் தலைமுறைக்கு முந்திய ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைப் பேசுங்கால் அவர்கள் குரலிற் பெருமிதம் தொனிக்கும். அது நியாயமே. படித்த இளைஞர் சிலர் சில நாட்களுள் ஒரு குடாநாட்டையே தம் பக்கம் திருப்பியது சிறு காரியம் அன்று. ஆயின் அன்று கச்சேரிக்குப் போகாது நின்றவர் எல்லாரும் ஒரே காரணத்துக்காக நின்றவர் அல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. இளைஞர், திட்டம் கொடுத்தது போதாது என்று ஒதுங்கினர். முதியவர் பலர்க்கோ அது கொடுத்தது மிகுதியாய்ப் பட்டது. தம் வயலிற் கூலிக்கு உழைப்பவனுக்கும் தமக்கும் ஒரே நிறையுள்ள வாக்கு என்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடங்களிற் சம ஆசனம் கொடுப்பதற்கே கொதித்தெழுந்த காலம் அது. ஆகவே ஒரே மௌனத்துள் இரண்டு மொழிகள் ஒளிந்திருந்தன. பின்னர் வந்த கசப்புக்கு மூலம் இங்கேதான் இருக்கின்றது என்பது என் துணிபு.

புதிய சபை வேலை செய்த முறையையும் சிறிது நோக்குதல் வேண்டும். உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவரே மந்திரியாவார். கல்வி, விவசாயம், சுகாதாரம், உள்ளூராட்சி முதலிய விடயங்கள் இக்குழுக்களிலேயே ஆராயப்பட்டன. சபையில் இருந்தவனுக்குத்தான் குழுவில் இடம். 1931 இன் மந்திரிகளுள் பெரி. சுந்தரம் என்னும் தமிழர் ஒருவர் இருந்தார். அவர் மலைநாட்டின் ஹட்டன் தொகுதிப் பிரதிநிதி. குடாநாட்டுக்காகப் பேச ஏழு குழுக்களிலும் தொகுதிப் பிரதிநிதி ஒருவரும் இலர்.

ஓராண்டு, ஈராண்டு கழிந்தன. உற்சாகம் தணிந்தது. மீண்டும் தேர்தல் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1934 இல் இடைத் தேர்தல்கள் நடைபெற்றன. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறையில் எஸ். நடேசன், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வத்துரை, பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகியோர் தெரிவாயினர். நடேசன் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர். செல்வத்துரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் முன்னாள் அதிபர். நால்வருள் இருவர் எம் தொழிலினர் என்பதை அதிபனாகிய நான் சொல்லாது விட்டால் குறையாகும்! பகிஷ்காரத்தை நடத்திய வாலிபர் காங்கிரசோ அதன்பின் தன் பழைய செல்வாக்கைப் பெறவில்லை.

1936 தேர்தலின் பின் நேர்ந்தது யாவரும் அறிந்ததே. குழுக்களின் அமைப்பு முன்னரே கணக்கிடப்பட்டு, ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தனர். அக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகின்றது. ஊர்காவற்றுறைப் பிரதிநிதி வை. துரைசுவாமி சபாநாயகரானார். அந்த மரியாதை மந்திரிப் பதவிக்கு ஈடாகுமா என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது. அதன்மேல் பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கோரிக்கையை எழுப்பினார். நாடு முழுமைக்கும் சுயராச்சியம் கேட்ட யாழ்ப்பாணம், பத்தாண்டு நிரம்பாமுன் ஆசனங்களைப் பங்கிட்டுக் கேட்கும் யாழ்ப்பாணமாயிற்று. இம்மாற்றத்துக்குப் பகிஷ்காரம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லேன். கொழும்பிலிருந்தோரின் பெரும்பான்மைச் செருக்குக்கும் அதிற் பெரும் பங்குண்டு. ஆயின் செருக்கை எதிர்க்கும் குரல் சபைக்குள் மூன்றாண்டுகள் இல்லாதிருந்தது.

விலகி நிற்கும் வழி பின்னரும் இங்கு வந்தது. 2005 நவம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர் தாமும் இலர். அவ்விலகலின் பின்னே ஆயுதமும் அச்சமும் நின்றன. ஆதலின் அதனை 1931 உடன் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது.

1931 இன் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படுவோர் வாக்காளர்களே. தென்னிலங்கையிற் பெண்களும் ஏழைகளும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தனர். அதே சட்டம் அதே உரிமையை வடமராட்சிப் பெண்ணுக்கும், கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட தொழிலாளிக்கும் வழங்கியிருந்தது. அவர்கள் அதனைக் கையாள 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. சாதி ஒழிப்புக்காக உண்மையாகவே பாடுபட்ட இளைஞர்கள் எடுத்த தீர்மானமே அவர்களைக் காக்க வைத்தது. பகிஷ்காரம் வேண்டுமா என்று அவர்களை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹன்டி பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டையிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய்ப் பணியாற்றினார். சட்டசபை எதிலும் அவர் அமர்ந்ததே இல்லை.