லண்டனில் நம் தேயிலையின் தடம்

லண்டன் மாநகரைப் பார்க்கச் செல்வோருக்கு வழிகாட்டி நூல்கள் ஏராளம். பக்கிங்ஹாம் அரண்மனை, பிக் பென் மணிக்கூண்டு, மெழுகுச் சிலைக் காட்சியகம் என்று அவை ஒரே வரிசையை ஒப்புவிக்கும். கொஸ்லந்த, பூனாகலை, அப்புத்தளைப் பக்கங்களிலிருந்து செல்பவருக்கு அங்கு வேறொரு லண்டனும் உண்டு. அவருடைய பாட்டனும் பாட்டியும் பறித்த கொழுந்து விலைபோன லண்டன் அது. அதனை இரண்டு நாட்களில், அதிகச் செலவின்றிப் பார்த்துவிடலாம்.

பயணத்துக்கு முன் சிறிது வரலாறு. 1869இல் தோன்றிய இலை நோய் இலங்கையின் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1890இல் கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. மலையில் காய்ந்த தேயிலை கொழும்புத் துறைமுகம் வழியே தேம்ஸ் நதிக்கரைக்குச் செல்லும் பாதை இவ்வாறு அமைந்தது.

இனிப் பயணம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லப் பிக்கடில்லி சுரங்க ரயிலே மலிவானது. 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதை விரைவானது, கட்டணம் கூடியது. லண்டன் பேருந்துகளில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. ஆகவே ஒய்ஸ்டர் அட்டை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையும் செல்லும். ஆனால் நமது வங்கி அறவிடும் மேலதிகக் கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் ஒரே அட்டையைப் பயன்படுத்தினால், குறித்த தொகைக்கு மேல் அறவிடமாட்டார்கள். ஊவாவின் பனிமூட்டத்துக்குப் பழகியவருக்கும் டிசம்பர் மாதம் கடினமானது. பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும். மே முதல் செப்டெம்பர் வரையே உகந்த காலம்.

முதல் நாள் மொனுமன்ட் நிலையத்தில் இறங்கி மின்சிங் லேன் என்னும் சிறு வீதிக்கு நடந்து செல்லுங்கள். உலகத் தேயிலையின் விலையை நெடுங்காலம் தீர்மானித்த தெரு அது. 1891இல் மஸ்கெலியாப் பகுதியின் கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை இங்கு இராத்தல் ஒன்று 25 பவுணுக்கும் மேல் விலைபோனது. அவ்விலையைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. பறித்தவரின் நாட்கூலியைப் பற்றி எழுதவில்லை. 1679இல் தொடங்கிய லண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் 29ஆம் திகதி முடிவுக்கு வந்தது. அன்று ஹெல்பொடத் தோட்டத்துத் தேயிலை கிலோ 555 பவுணுக்கு ஏலம் போனது. இறுதி ஏலத்தின் பெருமையும் இலங்கைத் தேயிலைக்கே கிடைத்தது. இன்று அத்தெருவில் கண்ணாடி முகப்புள்ள அலுவலகங்களே உள்ளன.

அங்கிருந்து டவர் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தால் ஷாட் தேம்ஸ் என்னும் பழைய வீதி. பட்லர்ஸ் வார்ஃப் பண்டகசாலைகளில் ஒருகாலத்தில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. இன்று அவை செல்வந்தர் வாழும் அடுக்குமாடிகள். வெளியில் நின்று பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

பிற்பகலில் வெஸ்ட் இந்தியா கீ நிலையத்துக்கு அருகிலுள்ள லண்டன் டொக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அனுமதி இலவசம். 1802இல் கட்டப்பட்ட சீனிப் பண்டகசாலையே அக்கட்டடம். கரீபியக் கரும்புத் தோட்ட அடிமைகளின் கதையைச் சொல்லும் கூடம் ஒன்று 2007இல் அதனுள் திறக்கப்பட்டது. அதனை அவசரமின்றிப் பாருங்கள். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டு செல்லப்பட்டனர். இலங்கைக்கு வந்தவர்களைக் கங்காணியும் கடனைக் குறித்த 'துண்டு'ம் கட்டிப்போட்டன. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. வெள்ளையர் வீட்டுக் கோப்பையில் கலந்த சீனியும் தேயிலையும் இவ்வகையில் உறவுடையவை.

இரண்டாம் நாளைக் கியூ தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒதுக்குங்கள். டிஸ்ட்ரிக்ட் ரயிலில் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கவேண்டும். மூல ஆவணங்களைப் பார்க்க வாசகர் அட்டை தேவை, அதுவும் இலவசமே. இணையத்தில் முன்பதிவு செய்து, கடவுச்சீட்டையும் வீட்டு முகவரியைக் காட்டும் மூலப் பத்திரம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஞாயிறும் திங்களும் வாசிப்பறைகள் மூடியிருக்கும். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டுமே. சொந்தக் கமராவில் படமெடுக்கலாம். 'சி.ஓ. 54' என்னும் தொகுதியைக் கேளுங்கள். 1798 முதல் இலங்கை ஆளுநர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் அதில் உள்ளன. நம்மவர்களை எப்படிக் கொண்டுவந்தார்கள், எப்படி எண்ணினார்கள், எந்தச் சட்டத்தால் ஆண்டார்கள் என்பதை ஆண்டவர்களின் எழுத்திலேயே படிக்கலாம்.

இது வெறும் ஆராய்ச்சி ஆசையன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அந்த லயன்களிலேயே விடப்பட்டிருந்தனர். மனிதர்களோடு அவ்வீடுகளில் இருந்த பத்திரங்களும் படங்களும் மண்ணுள் போயின. அம்மக்களின் முன்னோரைப் பற்றி ஆட்சியாளர் எழுதிய தாள்களோ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பத்திரமாக இருக்கின்றன. லிப்டன் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்த இடத்துக்கு இன்று உல்லாசப் பயணிகள் வரிசையாக ஏறுகிறார்கள். அவருடைய தேயிலையைப் பறித்தவர்களின் வரலாற்றைத் தேடி எடுத்துவர வேண்டியவர்கள் நாமே.

ஆகவே லண்டன் செல்லும் பிள்ளைகளே, பெற்றோரே, பக்கிங்ஹாம் அரண்மனையையும் பாருங்கள், தவறில்லை. கியூவில் எடுத்த படங்களை மட்டும் கைபேசிக்குள் வைத்துக்கொள்ளாமல், ஊர் திரும்பியதும் தோட்டப் பாடசாலைக்கு ஒரு பிரதி கொடுங்கள்.