புறாத் தீவில் ஒருநாள்: சுறாவைப் பார்க்கலாம்... காலை மட்டும் ஊன்றாதீங்க!

'சுறா இருக்கிற கடல்ல போய் குளிக்கணுமா?' புறாத் தீவுக்கு பிளான் போட்டால் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். பயப்பட வேண்டாம். இங்கே கரையோரமாகச் சுற்றும் பிளாக்டிப் ரீஃப் சுறாக்கள் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள்தான் இருக்கும். துடுப்பின் நுனியில் கறுப்பு மை தொட்டு வைத்த மாதிரி ஓர் அடையாளம். நம்மைப் பார்த்தால் முதலில் நழுவுவதும் அதுதான்.

இலங்கையின் திருகோணமலையிலிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. போனால் நிலாவெளி. அங்கிருந்து கடலுக்குள் ஒரு கி.மீ. தூரத்தில் தீவு. 1963-ல் சரணாலயமாகி, 2003-ல் தேசியப் பூங்காவானது. நுழைவு டிக்கெட் தனி, படகு வாடகை தனி என்பதால் நாலு பேர் சேர்ந்து படகு பிடித்தால் செலவு குறையும். மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். சென்னையில் மழை கொட்டும் மாசங்களில் இந்தக் கடலும் கொந்தளிக்கும்.

காலையில் முதல் படகையே பிடிச்சிடுங்க. கூட்டம் சேர்ந்து தண்ணீர் கலங்கிவிட்டால் சுறா ஆழத்துக்குப் போய்விடும். மாஸ்க்கின் உள்பக்கம் கொஞ்சம் எச்சில் தேய்த்துக் கழுவிப் போட்டால் ஆவி படியாது. அருவருப்பா இருக்கும்தான், ஆனா வேலை செய்யும்!

தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் 'கறக் கறக்'னு ஒரு சத்தம் கேட்கலாம். கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் சத்தம் அது. பாசியோடு சேர்த்துப் பவளப்பாறையையும் அரைத்து, கழிவை மணலாக வெளியே விடும். அழுங்காமை கண்ணில் பட்டால் துரத்தாதீங்க. மூச்சு விட அது மேலே வந்தாகணும். வழியை மறித்தால் திணறிப்போகும்.

இந்தத் தீவின் உண்மையான பிரச்னை கரையிலேயே தெரியும். காலுக்கடியில் நறநறக்கிறதே, அதில் மணலைவிட உடைந்த முருகைக்கல் துண்டுகள்தான் அதிகம். பவளப்பாறையை இலங்கைத் தமிழில் முருகைக்கல் என்பார்கள். பெயரில் கல் இருந்தாலும், அது உயிருள்ள நுண்ணிய விலங்குகளின் கூட்டம். உருண்டைப் பாறை மாதிரி இருக்கும் வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். புயலும் கடல் சூடாவதும் நம் கையில் இல்லை. ஆனால், இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்க்கைச் சரிசெய்ய ஒரு நொடி எழுந்து நிற்கிறோம் பாருங்க, பல வருஷ வளர்ச்சி அப்படித்தான் நொறுங்குகிறது. நீச்சல் தெரியாதவர்கள் பதறிப்போய்க் காலை ஊன்றுவதும் பாறை மேல்தான். அதனால் முதல் பத்து நிமிஷம் மணல் பகுதியிலேயே மிதந்து பழகிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு போங்க. நீச்சல் தெரிஞ்சவங்களும்தான்.

சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் டி-ஷர்ட் போதும். ஆக்ஸிபென்ஸோன் கலந்த கிரீம்களைப் பவளப்பாறைக்காகவே ஹவாய் 2021 முதல் விற்பனைக்குத் தடை செய்திருக்கிறது.

அப்போ புறா? பாறை இடுக்குகளில் இருக்கிறது. நம்ம ஏசி யூனிட் மேல் கூடு கட்டுகிற அதே மாடப்புறாதான், ஆனால் இங்கே காட்டுப் பறவையாக. கடலிலிருந்து கண்ணை எடுத்து அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

கிளம்பும்போது ஞாபகத்துக்கு ஒரு முருகைக்கல் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்னு கை போகும். கரையில் செத்துக் கிடப்பதாக இருந்தாலும், தேசியப் பூங்காவிலிருந்து எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.