விளம்பரக் காணொளி எப்படி உருவாகிறது? பிரிக்பீல்ட்ஸ் வர்த்தகர்கள் அறிய வேண்டியவை

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் கேமராவோடு நிற்பவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். சேலைக்கடை, நகைக்கடை, வாழையிலை உணவகம், பூக்கடை என எல்லாருக்கும் இப்போது ஒரு விளம்பரக் காணொளி தேவைப்படுகிறது. முன்பு வானொலி விளம்பரமும் நாளிதழில் ஒரு கட்டமும் போதுமாக இருந்தன. இன்று வாடிக்கையாளர் கடையை முதலில் பார்ப்பதே கைப்பேசியில்தான்.

ஆனால், கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நிமிடப் படத்துக்கு இவ்வளவு வெள்ளியா என்று கேட்பவர்கள் உண்டு. முன்பணம் கட்டிய பிறகு, நினைத்தது ஒன்று, கையில் கிடைத்தது ஒன்று என்று வருந்துபவர்களும் உண்டு. வேலை எந்தப் படிகளில் நடக்கிறது என்று தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

படப்பிடிப்புக்கு முன்

கேமராவைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். இந்தக் காணொளி யாருக்கு, பார்த்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும், எங்கே வெளியாகப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்குக் கடைக்காரர் முதலில் பதில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக்கு அகலப் படம். டிக்டாக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் போன்றவற்றுக்கு நெடுக்குப் படம். அகலமாக எடுத்ததைப் பின்னர் நெடுக்காக வெட்டினால் சேலையின் முந்தானையும் இலையின் ஓரமும் காணாமல் போகும். அதனால் இதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது எழுத்து. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தாளில் சிறியதாகத் தெரியும் வசனம், 30 விநாடிக்குள் அடங்காமல் போகலாம். கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதே சரியான சோதனை. நம் ஊர்த் தமிழில் பேசுவதா, சென்னைத் தமிழில் பேசுவதா என்பதையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும். கிள்ளானிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் வரும் குடும்பங்களுக்குப் பழகிய பேச்சே நெருக்கமாகப் படும்.

பிறகு ஒவ்வொரு காட்சியையும் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவார்கள். இதுதான் ஸ்டோரிபோர்டு. கடைக்காரர் தம் கருத்தைச் சொல்ல மிக மலிவான நேரம் இதுவே. தாளில் ஒரு கட்டத்தை அழிப்பதற்குச் செலவில்லை. எடுத்து முடித்த காட்சியை மறுபடி எடுக்க, மொத்தக் குழுவும் திரும்ப வர வேண்டும்.

படப்பிடிப்பு நாள்

சிறிய படத்துக்குக்கூட இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், விளக்கு உதவியாளர், ஒப்பனையாளர் என்று ஐந்தாறு பேர் தேவைப்படலாம். கட்டணத்தின் பெரும்பகுதி இவர்களின் ஒரு நாள் உழைப்புக்கும் கருவிகளின் வாடகைக்கும் போகிறது.

பிரிக்பீல்ட்ஸில் சத்தம் பெரிய சவால். பேருந்து, மோட்டார் சைக்கிள், கடைகளின் பாட்டு எல்லாம் ஒன்றாகக் கேட்கும். பேசுபவரின் சட்டையில் சிறிய மைக் பொருத்தி, ஒலியைத் தனியாகப் பதிவு செய்வதற்குக் காரணம் இதுதான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் நகர்ந்துவிடுவார்கள்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. உச்சி வெயில் முகத்தில் கரிய நிழலை விழ வைக்கும். காலையும் மாலையும் நல்ல நேரம். ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் முடித்துக்கொள்வது நல்லது. கடைக்குள் இருக்கும் குழல் விளக்குகள் படத்தில் மினுக்குவதும் உண்டு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை 1/50 என்று வைத்து இதைத் தவிர்ப்பார்கள்.

படத்தொகுப்பு

எடுத்த காட்சிகளைக் கோர்த்து முதலில் ஒரு கச்சா வடிவம் தருவார்கள். வண்ணம், இசை, குரல் எதுவும் அதில் முழுமையாக இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கதை சரியாகப் போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். காட்சி வரிசை உறுதியான பிறகே வண்ணம் சீர்செய்தல், பின்னணிக் குரல், இசை, மலாய் அல்லது ஆங்கில வசன வரிகள் ஆகியவை சேர்க்கப்படும். அதற்குப் பின் காட்சியை மாற்றச் சொன்னால் இவை அனைத்தையும் மீண்டும் செய்ய வேண்டும். எத்தனை முறை திருத்தம் செய்து தருவார்கள் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுமதியும் சட்டமும்

படத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவது, 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ். அந்த உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. பொதுச் சாலையை மறித்துப் படமெடுக்கக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடுவதற்கு மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் பொருந்தும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது பலரின் ஆசை. பாடலை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனத்தின் உரிமை மற்றொன்று. இரண்டையும் பெறாமல் விளம்பரத்தில் பயன்படுத்தினால் சமூக ஊடகத்தில் ஒலி நீக்கப்படலாம், வழக்கும் வரலாம். உரிமக் கட்டணம் செலுத்திப் பெறும் பொது இசையே சிறு வர்த்தகர்களுக்குப் பாதுகாப்பானது.

மூலிகைப் பொருள் விற்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மருந்து விளம்பரங்களுக்கு 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்கீழ் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்துவதற்கே தடை உள்ளது. விளம்பரத்தில் காணப்படும் கேகேஎல்ஐயூ எண் அந்த ஒப்புதலின் அடையாளம்.

படம் யாருக்குச் சொந்தம்?

மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே பதிப்புரிமை சேரும் என்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. ஆனால் கையெழுத்திடும் தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். வெட்டப்படாத மூலக் காட்சிகள் கிடைக்குமா, நடித்தவர்களின் முகத்தை எத்தனை காலம் பயன்படுத்தலாம், பணம் எந்தெந்தத் தவணையில் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் யோசிக்க வேண்டும்.

பெரிய செலவு மட்டும் போதாது

மலேசியாவில் பெருநாள் விளம்பரங்களுக்குத் தனி அடையாளம் கொடுத்தவர் மறைந்த இயக்குநர் யாஸ்மின் அகமட். பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக அவர் 2007இல் எடுத்த 'டான் ஹோங் மிங் இன் லவ்' சுதந்திர தின விளம்பரத்தில் பிரம்மாண்டமான அரங்கம் இல்லை. ஒரு சிறுவனிடம் யாரைப் பிடிக்கும் என்று கேட்கிறார்கள், அவன் பதில் சொல்கிறான், அவ்வளவுதான். அது கான் விளம்பர விழாவில் விருது பெற்றது. பின்னாளில் அதே நிறுவனம் தீபாவளிக்கு வெளியிட்ட 'ரப்பர் பாய்' குறும்படம், ரப்பர்த் தோட்டத்துத் தாயையும் மகனையும் பற்றியது. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதை.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரிடம் பெட்ரோனாஸின் பணம் இருக்காது. ஆனால் இரண்டு தலைமுறையாக மாலை கட்டும் கைகளும், விடியற்காலையில் அடுப்பு மூட்டும் பழக்கமும் அவரிடம் இருக்கின்றன. அதைச் சொல்லத் தெரிந்த குழுவைத் தேர்ந்தெடுத்து, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கினால், கொடுத்த வெள்ளிக்குப் பலன் கிடைக்கும்.